குப்பைக்குப் போகவிருந்த ஃபைட்டர் பைலட்டின் சூட்கேஸ்: அடுத்து என்ன செய்வது?

பழையபெட்டி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நீண்ட நாளாக இந்தச் சேகரிப்பாளர் குழுவில் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது கேட்டே ஆகவேண்டிய நிலை.

இங்கிலாந்தில் வீடு காலி செய்து கொடுக்கும் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் இறந்திருப்பார், வாரிசுகள் எங்கேயோ இருப்பார்கள், நாங்கள் போய் பரணிலிருந்து கொட்டகைவரை எல்லாவற்றையும் வெளியே எடுப்போம். போன வாரம் ஒரு வீட்டில், பரணில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பழுப்பு நிறச் சூட்கேஸ் ஒன்று இருந்தது. என்னோடு வேலை செய்யும் தம்பி "பழைய துணி" என்று சொல்லி ஸ்கிப்பில் (பெரிய குப்பைத் தொட்டி) வீசிவிட்டான். விழுந்த வேகத்தில் பூட்டு தெறித்து, தோல் தொப்பி ஒன்று வெளியே வந்து விழுந்தது. காதுப் பக்கம் கறுப்பு ரப்பர் வட்டங்கள். சினிமாவில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் எட்டிப் பார்த்தேன்.

உள்ளே இருந்தவை: நீலத் துணி அட்டை போட்ட லாக்புக் (விமானி ஒவ்வொரு பறப்பையும் எழுதிவைக்கும் பதிவேடு). சின்ன அட்டைப் பெட்டியில் நான்கு மெடல்கள், ரிப்பன்கள் தனியாக மெழுகுத்தாள் உறைகளில். ஷூ லேஸால் கட்டிய கடிதக் கட்டு. புகைப்பட ஆல்பம். கைக்குட்டை மாதிரி மடித்த ஒரு துணி வரைபடம். விமானத்திலிருந்து கழற்றியது போன்ற ஒரு கடிகாரம். அப்புறம் தீப்பெட்டி அளவு டப்பியில் ஒரு தங்க நிறப் புழு, கண் சிவப்பாக. புழு எதற்கு என்று தெரியவில்லை.

எல்லாம் ஈர வாடை அடிக்கிறது. மெடல்கள் கறுத்திருக்கின்றன. துடைத்துப் பளபளப்பாக்கலாமா? கடிதங்களைப் பிரிக்கலாமா? லாக்புக்கின் முதல் பக்கத்தைப் படம் எடுத்துக் கீழே போட்டிருக்கிறேன்.

நெறியாளர்

படத்தை எடுத்துவிட்டேன். பெயரும் சேவை எண்ணும் முழுதாகத் தெரிந்தன. குடும்பம் யார் என்று தெரிவதற்குள் பெயர் வெளியே போனால், "நான்தான் பேரன்" என்று நாலு பேர் கிளம்புவார்கள். முன்பு ஒரு முறை பட்டுவிட்டோம். பெயரில்லாமல் விவாதியுங்கள்.

மைக்கூடு

தம்பி, முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். துடைப்பது, பிரிப்பது, ஒட்டுவது, வெயிலில் காயவைப்பது எதுவும் இன்றைக்கு வேண்டாம். ஆவணக் காப்பகத்தில் காகிதம் பழுதுபார்ப்பதே என் வேலையாக இருந்தது. பரணில் எண்பது வருடம் தாங்கிய பொருள், கண்டெடுத்தவரின் முதல் ஒரு மணி நேர ஆர்வத்தில் கெட்டுப்போனதைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிரிக்கும் முன் படம் எடுங்கள். சூட்கேஸ் திறந்தபடி, மேலிருந்து ஒன்று. பிறகு ஒவ்வொரு அடுக்காக எடுக்கும்போது ஒவ்வொரு படம். எது எதன்மேல் இருந்தது, எந்தக் கடிதம் எந்தப் பக்கத்துக்குள் செருகியிருந்தது என்பது பின்னால் ஒரு நாள் பெரிய விஷயமாகும். கலைத்துவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது.

ஈர வாடை என்றால் பூஞ்சை இருக்கலாம். காற்றோட்டமுள்ள, சூடில்லாத அறையில் வெள்ளைத் தாள் விரித்து அதன்மேல் பரப்புங்கள். ஹீட்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். லாக்புக்கை 180 பாகைக்குத் திறந்து அழுத்தவே கூடாது, முதுகு உடைந்துவிடும். இரண்டு பக்கமும் சுருட்டிய துண்டை அணை கொடுத்து, பாதி திறந்த நிலையில் வையுங்கள். காகிதத்துக்குக் கையுறை வேண்டாம். பருத்திக் கையுறை போட்டால் விரல் நுனிக்குத் தாளின் விளிம்பு தெரியாது, கிழியும். கழுவித் துடைத்த வெறும் கை போதும். மெடலுக்கும் புகைப்படத்துக்கும் மட்டும் நைட்ரைல் கையுறை.

செல்லோ டேப்பைத் தொடாதீர்கள். லேமினேஷன் என்ற சொல்லை என் காதில் போடாதீர்கள். கடையில் கிடைக்கும் மெத்தென்ற பிவிசி உறைகளும் வேண்டாம், அவை கசிந்து மையைப் பெயர்த்தெடுக்கும். அமிலமில்லாத தாள், பாலியெஸ்டர் உறை, அமிலமில்லாத அட்டைப் பெட்டி இருந்தால் போதும். குறிப்பு எழுத பென்சில் மட்டும்.

ரிப்பன்12

மெடல் பற்றி நான். பெட்டி அட்டையில் முகவரி எழுதியிருக்கிறதா? ரிப்பன்கள் மெழுகுத்தாளில் அப்படியே இருக்கின்றன என்றால், அவர் அவற்றை ஒரு நாளும் மாட்டியதில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் பிரிட்டிஷ் விமானப்படைக்காரர்கள் விண்ணப்பித்தால்தான் மெடல் வரும், அதுவும் தபாலில் ஒரு அட்டைப் பெட்டியில். பலர் விண்ணப்பிக்கவே இல்லை. வாங்கிய பலரும் பெட்டியை ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு மூடிவைத்தார்கள்.

இதில் ஒரு சங்கதி. முதல் உலகப்போர் மெடல்களின் விளிம்பிலோ பின்பக்கத்திலோ பெயரும் எண்ணும் வெட்டியிருக்கும். இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ் நட்சத்திரங்களில் அது கிடையாது. மொட்டையாகத்தான் வந்தன. விமானிகளின் வீரத்துக்குத் தந்த டி.எஃப்.சி. சிலுவையில்கூட வருடம் மட்டும் பொறித்துக் கொடுத்தார்கள், பெயர் இல்லை. ஆகவே பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்த நொடியில் அந்த மெடல் யாருடையதும் இல்லை. அந்த முகவரி எழுதிய அட்டைப் பெட்டியும் லாக்புக்கும்தான் அதற்குப் பெயர் கொடுக்கின்றன.

நான்கும் எவை என்று சொல்லுங்கள். பாலிஷ் போடாதீர்கள்.

பழையபெட்டி

நன்றி அண்ணா. பெட்டியில் முகவரி இருக்கிறது, நீல மை, தெளிவாகவே இருக்கிறது. மெடல்களில் இரண்டு ஆறுமுனை நட்சத்திரம், இரண்டு வட்டம். ஒரு நட்சத்திரத்தில் '1939–1945 ஸ்டார்', இன்னொன்றில் 'ஏர் க்ரூ யூரோப் ஸ்டார்'. வட்டங்களில் ஒன்று டிஃபென்ஸ் மெடல், மற்றது 1939–1945 என்று மட்டும் போட்டு ஒரு சிங்கம்.

ரிப்பன்12

சிங்கம் இருப்பது வார் மெடல். காலடியில் இரண்டு தலை டிராகனை மிதித்துக்கொண்டு நிற்கும்.

ஏர் க்ரூ யூரோப் ஸ்டாரைப் பத்திரமாக வையுங்கள். பிரிட்டனிலிருந்து கிளம்பி ஐரோப்பாவின் மேல் போர்ப் பறப்பு நடத்தியவர்களுக்கு, 1944 ஜூன் 5 வரையிலான காலத்துக்கு மட்டும் கொடுத்தது. அடுத்த நாள் நார்மண்டி தரையிறக்கம், அதிலிருந்து பிரான்ஸ் அண்ட் ஜெர்மனி ஸ்டார் கணக்கு. இந்த நட்சத்திரத்துக்கு ஆசைப்படுபவர்கள் அதிகம், அதனால் போலிகளும் அதிகம். மொட்டை மெடலுக்குப் போலி செய்வது எவ்வளவு சுலபம் என்று நினைத்துப் பாருங்கள். உங்களுடையது நல்லது என்று நம்பக் காரணம் மெடல் இல்லை, அது கிடந்த பெட்டி.

1939–45 ஸ்டாரின் ரிப்பனோடு 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' என்று ஒரு உலோகப் பட்டி இருக்கிறதா? 1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை நடந்த அந்த வான்போரில் பறந்த கிட்டத்தட்ட மூவாயிரம் பேருக்கு மட்டும் உள்ளது. அந்தப் பெயர்கள் முழுப் பட்டியலாகவே கிடைக்கின்றன, சரிபார்க்கலாம்.

பழையபெட்டி

பட்டி இல்லை. லாக்புக்கே 1940 டிசம்பரில் பயிற்சியோடுதான் தொடங்குகிறது.

இறக்கை

அந்தக் கடிகாரத்தை யாரும் கவனிக்கவில்லையே! பழையபெட்டி, முள்ளும் எண்களும் பழுப்பேறிய மஞ்சளாக, கொஞ்சம் தடிப்பாகப் பூசினது போல இருக்கிறதா? அப்படியென்றால் ரேடியம். இருட்டில் ஒளிரவில்லையே என்று சமாதானப்படாதீர்கள். ஒளிரும் பூச்சுதான் செத்துப்போயிருக்கும், ரேடியம் சாகாது. அதன் அரை ஆயுள் 1,600 வருடம். கண்ணாடி முழுதாக இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. திறக்கக் கூடாது, சுரண்டக் கூடாது, பொடி உதிர்ந்திருந்தால் ஊதக் கூடாது. தனிப் பையில் போட்டு, படுக்கையறை இல்லாத இடத்தில், காற்றோட்டமாக வையுங்கள். ரேடான் வாயு வரும், மூடிய அலமாரியில் தேங்கும். கடிதங்களோடு சேர்த்து வைக்காதீர்கள்.

துணி வரைபடம் தப்பிக்கும் வரைபடம். பட்டிலோ ரேயானிலோ அச்சிட்டு விமானிகளுக்குக் கொடுத்தார்கள். எதிரி நாட்டில் குதித்தால் பிரித்துப் பார்க்கலாம், சரசரவென்று சத்தம் வராது, நனைந்தாலும் கிழியாது. எம்.ஐ.9 என்ற பிரிவு இதற்காகவே இருந்தது. மடிப்பில்தான் நார் அறும், அதனால் மடிக்காமல் ஒரு குழாயில் சுற்றி வையுங்கள். துவைக்க நினைக்காதீர்கள்.

தங்கப் புழு பற்றி நாளை விளக்கமாக எழுதுகிறேன், அது தனிக் கதை. இப்போதைக்கு, பின்பக்கம் பெயர் வெட்டியிருக்கும், லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

சில்லறை

எல்லோரும் அருங்காட்சியகம் போலப் பேசுகிறீர்கள். நான் இருபது வருடமாக இந்தப் பொருட்களை வாங்கி விற்பவன், நேரடியாகச் சொல்கிறேன். தொப்பி ஒருவருக்கு வேண்டும், நட்சத்திரம் இன்னொருவருக்கு, வரைபடம் மூன்றாமவருக்கு. மூன்று பேருக்குக் கொடுத்தால் மூன்று பேரும் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள். ஒரே ஆளிடம் மொத்தமாகக் கொடுத்தால், அவர் இறந்த பின் அந்தச் சூட்கேஸ் திரும்பவும் ஒரு பரணுக்குத்தான் போகும். அருங்காட்சியகத்தில் கொடுத்தால் கிடங்கில் ஒரு பெட்டி எண், அவ்வளவுதான். ஆர்வலர்கள் காசு கொடுத்து வாங்கியதால்தான் இந்தப் பொருட்களில் பாதி இன்றைக்கு உயிரோடு இருக்கின்றன. அதை மறக்க வேண்டாம்.

ரிப்பன்12

கடைசி வரி உண்மை, ஒப்புக்கொள்கிறேன். நானும் காசு கொடுத்து வாங்குகிறவன்தான். ஆனால் அண்ணாச்சி, நீங்கள் பிரித்துக் கொடுக்கும் அந்த நட்சத்திரம் நாளை என்னிடம் வந்தால் நான் என்ன சொல்லி வைத்துக்கொள்வேன்? "ஏர் க்ரூ யூரோப் ஸ்டார், ஒன்று." அவ்வளவுதான். யார், எந்த ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு), எத்தனை தடவை ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினான் என்பதெல்லாம் லாக்புக் வாங்கியவர் வீட்டில் இருக்கும். லாக்புக் வாங்கியவருக்கு அந்த ஆளின் கையெழுத்து இருக்கும், முகம் இருக்காது, ஆல்பம் நாலாவது ஆளிடம் போயிருக்கும். பிரிப்பவருக்கு லாபம், பொருளுக்கு ஞாபக மறதி.

சில்லறை

கவிதை நன்றாக இருக்கிறது. வாடகை யார் கட்டுவது?

பேத்தி_மட்டும்

உள்ளே வரலாமா? நான் சேகரிப்பாளர் இல்லை. தேடி அலுத்துப்போய் இந்தக் குழுவுக்கு வந்தவள்.

என் கணவரின் தாத்தா போரில் ஃபைட்டர் பைலட். பாட்டி முதியோர் இல்லத்துக்குப் போனபோது வீட்டைக் காலி செய்ய ஆள் வைத்தோம். நாங்கள் வேறு நாட்டில், கைக்குழந்தையோடு. "காகிதங்கள், பழைய துணிகள்" என்று ஒரு வரியில் ரசீது வந்தது. இரண்டு வருடம் கழித்துத்தான், பாட்டி ஏதோ நினைவு வந்த ஒரு நாளில், "அவருடைய லாக்புக்கைக் கொடு" என்று கேட்டார். அப்போதுதான் அப்படி ஒன்று இருந்ததே எங்களுக்குத் தெரியும். எந்த அலமாரி, எந்தத் தட்டு என்றுகூடச் சொன்னார்.

பிறகு ஒரு ஏலப் பட்டியலில், வேறொரு பொருளைத் தேடும்போது, அவருடைய ஸ்குவாட்ரன் எண்ணும் பெயரின் முதலெழுத்துகளும் போட்ட ஒரு சிகரெட் பெட்டியைப் பார்த்தேன். விற்று முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. யார் வாங்கினார்கள் என்று சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லையாம், சரிதான். லாக்புக் இன்னும் கிடைக்கவில்லை.

சில்லறை ஐயா, உங்கள்மேல் கோபம் இல்லை. வாங்கியவர் அந்தச் சிகரெட் பெட்டியை நன்றாகத்தான் வைத்திருப்பார். அதோடு வந்த மற்றவை எங்கே என்று கேட்கத்தான் எனக்கு ஓர் ஆள் இல்லை.

சில்லறை

அம்மா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஸ்குவாட்ரன் எண்ணை மட்டும் தனி மடலில் அனுப்புங்கள். எனக்கு நாலு பேரைத் தெரியும், கேட்டுப் பார்க்கிறேன்.

மைக்கூடு

பழையபெட்டி, ஒரு கசப்பான கேள்வி. அந்தச் சூட்கேஸ் சட்டப்படி இப்போது யாருடையது? ஸ்கிப்பில் கிடந்தது என்பதால் உங்களுடையது ஆகிவிடாது. சொத்தை நிர்வகிப்பவர் ஒருவர் இருப்பார். அவரிடம் இன்னின்ன இருந்தன என்று சொல்லி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நல்லது செய்யப்போய் திருட்டுப் பட்டம் வாங்க வேண்டாம்.

பழையபெட்டி

நேற்றே கேட்டுவிட்டேன். வீட்டில் இருந்தவர் விமானி இல்லை, விமானியின் தங்கை. தொண்ணூற்றி எட்டு வயது, திருமணம் ஆகவில்லை. வாரிசு தூரத்து உறவு, கனடாவில். வக்கீல் மூலமாக ஒரு வரி மின்னஞ்சல் வந்தது: "எங்களுக்கு இவரைத் தெரியாது. நல்ல இடத்தில் சேர்த்துவிடுங்கள்." அச்சிட்டு வைத்திருக்கிறேன்.

விமானி 1987-இல் இறந்திருக்கிறார். மனைவி, பிள்ளைகள் கிடையாது என்கிறார்கள்.

இறக்கை

சரி, இப்போது தங்கப் புழு. அது கம்பளிப்பூச்சி. 'கேட்டர்பில்லர் கிளப்' என்று ஒன்று, இர்வின் என்ற பாராசூட் தயாரிப்பாளர் 1922-இல் தொடங்கியது. பழுதான விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்து உயிர் பிழைத்தவர்கள் மட்டும்தான் உறுப்பினர். காசு கொடுத்துச் சேர முடியாது. பட்டுநூலில் தொங்கி உயிர் பிழைப்பதால் பட்டுப்புழு. எழுதிப் போட்டால் கம்பெனி சரிபார்த்து, பெயர் பொறித்த ஊசியை அனுப்பும். கடலில் விழுந்து ரப்பர் படகில் பிழைத்தவர்களுக்கு 'கோல்ட்ஃபிஷ் கிளப்' என்று தனியாக ஒன்று 1942-இல் வந்தது. உலோகத் தட்டுப்பாட்டால் அவர்களுக்குத் துணியில் தைத்த பேட்ஜ்.

ஆகவே உங்கள் ஆள் எங்கேயோ குதித்திருக்கிறார். லாக்புக்கில் அந்த நாள் இருக்கும். தேடுங்கள். பொதுவாக மிகச் சின்னதாக எழுதியிருப்பார்கள்.

பழையபெட்டி

நேற்றிரவு உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். மைக்கூடு ஐயா சொன்னபடி துண்டு வைத்துத்தான், கவலைப்படாதீர்கள்.

ஒவ்வொரு வரியிலும் தேதி, விமான வகை, விமான எண், என்ன வேலை, எவ்வளவு நேரம். மாதக் கடைசியில் கூட்டல், கீழே இரண்டு மேலதிகாரிகளின் கையெழுத்து. 1941 நடுவிலிருந்து எல்லாம் ஸ்பிட்ஃபயர் 5 என்ற பிரிட்டிஷ் ஃபைட்டர். 'சர்க்கஸ்', 'ருபார்ப்' என்று திரும்பத் திரும்ப வருகிறது. சில இடத்தில் டி.என்.சி.ஓ. என்று மட்டும். 1942 ஆகஸ்ட் 19 அன்று ஒரே நாளில் நான்கு வரி. நான்காவது வரியில் கையெழுத்து அவருடையதுதானா என்று சந்தேகம் வரும் அளவுக்குக் கோணியிருக்கிறது.

குதித்ததாக எங்கேயும் இல்லை. மூன்று தடவை பார்த்தேன். ஒரு முறை சக்கரம் இறங்காமல் வயிற்றால் தரையிறக்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

லென்ஸ் வைத்துப் புழுவின் பின்பக்கம் பார்த்தேன். பெயர் இருக்கிறது. அவர் பெயர் இல்லை.

சில்லறை

கலந்துவிட்டிருக்கும். தங்கையோ வேறு யாரோ எங்கேயாவது வாங்கிப் போட்டிருப்பார்கள். வீடு காலி செய்யும்போது இது சகஜம்.

மைக்கூடு

அதற்காகத்தான் அடுக்கடுக்காகப் படம் எடுக்கச் சொன்னேன். அந்த டப்பி எங்கே இருந்தது?

பழையபெட்டி

எடுத்தேன் ஐயா. கடிதக் கட்டுக்குக் கீழே, ஒரு நீள உறைக்குள். உறையில் பாராசூட் கம்பெனியின் பெயர் அச்சிட்டிருக்கிறது. முகவரி ஸ்குவாட்ரனுக்கு, புழுவில் இருக்கும் அதே பெயருக்கு. ஓரத்தைக் கத்தியால் நேராக வெட்டித் திறந்திருக்கிறார்கள்.

இறக்கை

கொஞ்சம் பொறுங்கள். லாக்புக்கில் அந்தப் பெயர் எங்கேயாவது வருகிறதா? குறிப்புப் பகுதியில், ஜோடியாகப் பறந்தவர் என்று?

அதுவரை, கேட்காமலே விளக்கிவிடுகிறேன். 'சர்க்கஸ்' என்றால் சில குண்டுவீச்சு விமானங்களைத் தூண்டில் புழுவாக வைத்து, சுற்றிலும் ஏராளமான ஃபைட்டர்களோடு பிரான்ஸுக்குள் போய் ஜெர்மன் ஃபைட்டர்களை மேலே இழுப்பது. 'ருபார்ப்' என்றால் மேகமூட்டமான நாளில் இரண்டு இரண்டு பேராகத் தாழப் பறந்து, கண்ணில் பட்ட ரயிலையோ லாரியையோ சுட்டுவிட்டுத் திரும்புவது. பெயர்தான் விளையாட்டு, பலருக்குப் பிடிக்காத வேலை. தரையிலிருந்து வரும் துப்பாக்கிச் சூட்டில் இன்ஜினின் குளிர்விக்கும் திரவம் கசிந்தால் ஸ்பிட்ஃபயருக்குச் சில நிமிடம்தான். டி.என்.சி.ஓ. என்றால் வேலை நிறைவேறவில்லை, திரும்பிவிட்டோம். 1941 செப்டம்பரில் ஃபோக்க வுல்ஃப் 190 என்ற ஜெர்மன் ஃபைட்டர் வந்தபின் ஸ்பிட்ஃபயர் 5 ஓட்டியவர்களுக்குக் கெட்ட காலம். ஸ்பிட்ஃபயர் 9 படைக்கு வந்தது 1942 ஜூலையில். இடைப்பட்ட அந்தப் பத்து மாதமும் உங்கள் ஆள் பறந்திருக்கிறார். ஆகஸ்ட் 19, பிரான்ஸ் கடற்கரை ஊரான தியப்மேல் நடந்த தாக்குதல். அன்றைக்கு ஒரே நாளில் விமானப்படை நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களை இழந்தது. கை கோணாமல் என்ன செய்யும்?

பழையபெட்டி

வருகிறது. 1941 அக்டோபரிலிருந்து குறிப்புப் பகுதியில் அந்தக் குடும்பப்பெயரின் முதல் நான்கெழுத்து வந்துகொண்டே இருக்கிறது. எட்டு, பத்து தடவை இருக்கும். 1942 ஏப்ரலில் ஒரு வரி: அந்த நான்கெழுத்து, பக்கத்தில் ஒரு சின்னக் குடை படம். பேனாவில் வரைந்தது, பெருவிரல் நகத்தில் பாதி அளவு. கீழே தொங்கும் ஆளுக்குச் சிரிக்கிற வாய் வேறு போட்டிருக்கிறார்.

ஜூன் முதல் வாரத்தில் கடைசியாக வருகிறது. அதற்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. அதன்பின் அந்த நான்கெழுத்து இல்லை.

லாக்புக்கின் பின் அட்டைக்கு உட்பக்கம் பென்சிலில் பதினோரு பெயர், தேதியோடு. ஆறாவது அது.

இறக்கை

உறையின் தபால் முத்திரை தேதி தெரிகிறதா?

பழையபெட்டி

பாதிதான். மாதம் தெரிகிறது. ஜூலை.

ரிப்பன்12

சரியாக இருக்கிறது. ஏப்ரலில் குதித்து, விண்ணப்பம் எழுதி, கம்பெனி சரிபார்த்து அனுப்புவதற்குள் மூன்று மாதம் ஆகியிருக்கிறது. ஊசி வந்தபோது வாங்க ஆள் இல்லை.

மைக்கூடு

ஒருவர் திரும்பி வரவில்லை என்றால் அவருடைய அறைப் பொருட்களைக் கணக்கெடுக்க ஒரு குழு வரும். பட்டியல் போட்டு, கடனை அடைத்து, குடும்பத்துக்கு வேதனை தரக்கூடியவற்றை ஒதுக்கி, மீதியைக் கோல்ன்புரூக் என்ற இடத்தில் இருந்த மத்தியக் கிடங்குக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து குடும்பத்துக்குப் போகும். ஜூன் மாதத்திலேயே அந்த அறையைக் காலி செய்திருப்பார்கள். ஜூலையில் வந்த தபால் அந்தப் பட்டியலில் இருக்க வழியே இல்லை. யாரோ மெஸ்ஸில் நண்பன் கையில் கொடுத்திருப்பார்கள், "நீ அவன் வீட்டுக்கு அனுப்பிவிடு" என்று. ஊகம்தான். ஆனால் சில்லறை, 'கலந்துவிட்ட' பொருள் என்று நீங்கள் தனியாக எடுத்துப் போட்டிருப்பது இதைத்தான்.

சில்லறை

ஆமாம். போட்டிருப்பேன். புழுவை ஒருவருக்கு, உறையைக் குப்பைக்கு.

பேத்தி_மட்டும்

குடும்பத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து, எழுத முடியாமல் போயிருக்கும். அந்த வயதில் என்ன எழுதுவது? இருபத்திரண்டு இருக்குமா அவருக்கு?

பழையபெட்டி

இருபத்தொன்று அக்கா. கடிதக் கட்டில் அப்படி ஒரு தாள் இருக்கிறது. தேதியும், "அன்புள்ள திருமதி" என்று பெயரும் மட்டும். கீழே வெற்றுத் தாள். அதே போல மூன்று.

இறக்கை

இப்போது இரண்டு பேரைத் தேட வேண்டும். நண்பரைத் தேடுவது சுலபம். போரில் இறந்தவர்களை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். உடல் கிடைக்காத விமானப்படையினர் என்றால் ரன்னிமீட் நினைவிடத்தில் பெயர் இருக்கும், 1953-இல் திறந்தது, இருபதாயிரத்துக்கும் மேல் பெயர்கள். பல பதிவுகளில் பெற்றோர் பெயரும் ஊரும் கூட வரும். அங்கிருந்து அண்ணன் தம்பி பிள்ளைகளைப் பிடிக்கலாம்.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதற்கு ஸ்குவாட்ரனின் செயல்பாட்டுப் பதிவேடு. லண்டனின் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 என்ற தொடர். யார் எந்த விமானத்தில் எத்தனை மணிக்குக் கிளம்பினார், எத்தனை மணிக்கு இறங்கினார் என்பதுவரை இருக்கும். இறங்கிய நேரம் காலியாக இருக்கும் வரியைப் பாருங்கள். விமானிகள் தாங்களே எழுதிய மோதல் அறிக்கைகள் ஏர் 50. தனிப்பட்ட சேவைக் கோப்புகளையும் பாதுகாப்பு அமைச்சகம் 2022 முதல் கியூவுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. விமானம் விழுந்த இடம் பிரிட்டனில் என்று தெரிந்தால், மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு யாரும் கிளம்ப வேண்டாம். 1986 சட்டப்படி நொறுங்கிய ராணுவ விமானம் எதுவும் பாதுகாக்கப்பட்ட இடம். அமைச்சக உரிமம் இல்லாமல் தோண்டினால் குற்றம். உள்ளே ஆள் இருக்கலாம், அதனால்தான்.

மைக்கூடு

எந்த லாக்புக்கும் ஏன் முக்கியம் என்று பிறகு வாசிப்பவர்களுக்காக: கிடங்கில் தங்கிப்போய் யாரும் கேட்டு வராத லாக்புக்குகளில் பெரும்பகுதியை 1960 வாக்கில் அழித்துவிட்டார்கள். மாதிரிக்குக் கொஞ்சம் மட்டும் ஏர் 4 என்ற தொடரில் இருக்கிறது. நண்பருடைய லாக்புக் குடும்பத்திடம் இல்லையென்றால் இந்தக் குடைப் படம்தான் அவர் குதித்த நாளுக்கு மிஞ்சிய கையெழுத்து.

தம்பி, லாக்புக்கை ஒவ்வொரு பக்கமாக 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். தட்டையான ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தாதீர்கள். மேலே கேமரா கட்டிப் படம் எடுத்தாலும் போதும். வெற்றுப் பக்கங்களையும் எடுங்கள். தொப்பியின் தோலுக்கு எண்ணெய் போடச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள். உள்ளே அமிலமில்லாத தாளைச் சுருட்டித் திணித்து வடிவம் கொடுங்கள். ரப்பர் பிசுபிசுக்கிறது என்றால் வேறு எதன்மேலும் படாமல் வையுங்கள். அந்துப்பூச்சி இருந்தால் உறைபோட்டுக் காற்றை எடுத்து ஃப்ரீசரில் இரண்டு வாரம். தொப்பியை மட்டும், ஆல்பத்தை வேண்டாம்.

பழையபெட்டி

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னியுங்கள். வேலை.

நண்பரின் பெயர் ரன்னிமீட்டில் இருக்கிறது. பெற்றோர் பெயரும் வந்தது. அந்த ஊர்ச் சர்ச்சின் காரியதரிசி வழியாக, அவருடைய தம்பியின் மகளைப் பிடித்தாயிற்று. எழுபத்து நான்கு வயது. போனில் பேசினேன். பெரியப்பா பாராசூட்டில் குதித்த விஷயமே வீட்டில் யாருக்கும் தெரியாதாம். "எங்களிடம் சொல்லவே இல்லையே" என்று ஏதோ நேற்றைக்கு நடந்தது போலக் கோபப்பட்டார்.

கம்பளிப்பூச்சியை அவருக்கே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ரிப்பன் அண்ணா பிரிக்காதே என்றாரே, அதுதான் குழப்பம். என்ன சொல்கிறீர்கள்?

ரிப்பன்12

நான் சொன்னது விற்பதற்காகப் பிரிப்பதை. இது எண்பது வருடம் தாமதமான தபால். கொடுங்கள். உறையோடு கொடுங்கள். லாக்புக்கின் அந்த இரண்டு பக்கமும், பின் அட்டையும் நல்ல பிரதியாக அச்சிட்டுச் சேர்த்துக் கொடுங்கள். மீதிச் சூட்கேஸில், டப்பி இருந்த இடத்தில், அது யாரிடம் எப்போது போனது என்று பென்சிலில் ஒரு சீட்டு எழுதி வையுங்கள்.

சில்லறை

மீதி மொத்தத்தையும் ஒரே லாட்டாக எடுத்துக்கொள்ள ஒரு சின்ன அருங்காட்சியகம் தயாராக இருக்கிறது. அவர் பறந்த விமானத் தளத்தின் நினைவாகத் தன்னார்வலர்கள் நடத்துவது. நான்தான் பேசினேன், கமிஷன் கிடையாது, யாரும் கிண்டல் செய்ய வேண்டாம். பிரிக்கமாட்டோம் என்று எழுதித் தருகிறார்கள். கடிகாரத்தை மட்டும் பரிசோதித்துவிட்டுத்தான் வாங்குவார்களாம்.

பேத்தி அம்மா, தனி மடல் பாருங்கள். சிகரெட் பெட்டி வாங்கியவர் கிடைத்தார். லாக்புக் அவரிடம் இல்லை. ஆனால் அதே வீட்டுச் சாமான்களை எந்த ஏலத்தில் பிரித்தார்கள் என்று நினைவிருக்கிறதாம்.

பேத்தி_மட்டும்

பார்த்தேன். இப்போதுதான் அவருக்கு எழுதிவிட்டு வந்தேன்.

பழையபெட்டி

சனிக்கிழமை அந்த அம்மாவைப் பார்க்கப் போகிறேன். அந்த மூன்று தாள்களையும் கொண்டுபோவதா வேண்டாமா என்று தெரியவில்லை. "அன்புள்ள திருமதி" என்று இருப்பது அவருடைய பாட்டியின் பெயர்.

பேத்தி_மட்டும்

கொண்டுபோங்கள்.